சாமி தூக்கினவன் படம்

பத்திரிகைக்குப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் திருப்பிக் கேட்பது, "கல்யாண ஆர்டர் எடுப்பியாம்மா?" என்றுதான். இல்லை என்றால், ஐயோ பாவம், பிழைக்கத் தெரியாதவள் என்று ஒரு பார்வை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்கூட்டரில் கேமரா பையை மாட்டிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறவர்களையும், வாலாஜாபாத் ரோட்டில் கவிழ்ந்த லாரியையும், மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் தேங்குகிற தண்ணீரையும் எடுத்துக்கொண்டு திரிகிற பொம்பளையை வேறு எப்படித்தான் பார்ப்பார்கள்?

படம் எடுப்பதுகூடப் பரவாயில்லை. வாங்குவதுதான் கொடுமை. விபத்தில் யாராவது போய்ச் சேர்ந்துவிட்டால் மறுநாள் அவர் முகம் பேப்பரில் வர வேண்டும். அந்த முகத்தை அவர் வீட்டுக்குப் போய் நான்தான் வாங்கி வர வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, "ஒரு போட்டோ இருந்தா குடுங்க" என்று கேட்கிற என் வாயை நானே பல முறை திட்டியிருக்கிறேன். ஆனால் இதுவரை யாரும் என்னை வெளியே போ என்று சொன்னதில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்துபோய் பீரோவைத் திறப்பார்கள். கல்யாண ஆல்பத்தை எடுத்து வருவார்கள், சில வீட்டில் ரேஷன் கார்டை. கொடுத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடியில் என் தலை விழாமல் பார்த்து ஒரு படம் எடுத்து, தெருமுனையில் நின்றே சென்னைக்கு அனுப்புவேன். பிறகு வீட்டுக்கு வந்து குளிப்பேன். தீட்டு என்று இல்லை, அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். வைகாசித் திருவிழா முடிந்து ஊர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த பையன், ஷிப்ட் முடித்து பைக்கில் வரும்போது, பைபாஸில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டான். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கல்யாணம் ஆகாதவன். அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தங்கையும்.

நெசவாளர் தெரு. பக்கத்து வீடுகளில் தறியை நிறுத்தியிருந்தார்கள். எந்நேரமும் தடதடக்கிற தெரு அது. அந்த அமைதியே வீட்டை அடையாளம் காட்டியது. அந்த அம்மா கூலிக்குத் தார் சுற்றுகிறவர், அதாவது தறிக்கு வேண்டிய பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருகிறவர். சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் ஆதார் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

"இதாம்மா இருக்குது."

ஆதார் படம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்டவனையே கூப்பிட்டு உட்கார வைத்தாலும் அந்த மிஷின் கள்ளச்சாராய கேஸில் பிடித்துவந்த ஆளாகத்தான் காட்டும். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருட சேவைக்கு கோபுரத்துக்கு எதிர்க்க மாடி மேல நிக்கற பேப்பர் பொண்ணு நீதானம்மா?"

"ஆமாம்மா."

"சொல்லுவான். அந்த அக்கா என்னிய எடுத்துச்சும்மா, எடுத்துச்சும்மானு வருசா வருசம் சொல்லிக்கினே வருவான். முன்தண்டுல, பெருமாளுக்கு வலக்கைப் பக்கம், ரெண்டாவது ஆளு. கோபுர வாசல்ல நிக்கசொல்ல உன்னப் பாத்து சிரிப்பானாமே?"

எனக்கு ஞாபகம் இல்லை. சாமி தூக்குகிறவர்கள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, உடம்பெல்லாம் வேர்வையும் திருமண்ணுமாக, வாகனத்தைத் தாங்குகிற மரத் தண்டுகளைச் சுமந்துகொண்டு வரிசையாக வருவார்கள். அதில் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்றால் சிரித்திருப்பான். என் கண் பெருமாள் மேல் இருந்திருக்கும். அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி வைத்தேன்.

"இந்த ஆதார் படத்த நான் மாட்டமாட்டேன். திருட்டுப் பையன் கணக்கா முழிக்கிறான் பாரு. நீ எடுத்தது குடும்மா, அந்த சாமி தூக்கற படம். காரியத்துக்கு அதத்தான் மாட்டி மாலை போடணும்."

அந்தத் தங்கை தன் அண்ணனின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. "அவன் எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான் இருக்குதுக்கா. லாக் போட்டு வெச்சிருக்கான். கடையில குடுத்தா தொறந்துடலாமாம், ஆனா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடுமாம்." சொல்லிவிட்டு மறுபடியும் ஏதோ கோடு போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. அவன் நண்பர்கள் போனில் இருந்த படங்களில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தானாம். சாமி தூக்கும்போது எடுத்தது யாரிடமும் இல்லை. கூடவே தூக்குகிறவன் எங்கே போன் எடுப்பான்?

"கண்டிப்பா இருக்கும்மா, எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். வருஷா வருஷம் எடுக்கிறேன், ஹார்ட் டிஸ்க் நிறையப் பெருமாள் இருக்கிறார், கீழே தூக்குகிறவன் இல்லாமலா போவான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த வருஷத்துப் படங்களைத் திறந்தேன். பாதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

கருட சேவை அன்று விடியும் நேரத்தில் எல்லாப் பத்திரிகைக்காரர்களும் அந்த ஒரே பட்டுக்கடை மொட்டைமாடியில்தான் நிற்போம். கோபுர வாசலில் முதலில் குடை தெரியும். பிறகு கருடன், அதற்கு மேல் பெருமாள். சனங்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. அந்த நிமிஷத்துக்குத்தான் நாங்கள் இடம் பிடித்துக் காத்திருப்பது. நீள லென்ஸ் போட்டு, படத்தின் அடிவிளிம்பு சரியாகத் தண்டின் மேல் உட்காரும்படி பிடிக்க வேண்டும். தண்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கினாலும் தலையும் கையும் தூக்கிப் பிடித்த செல்போனுமாக வந்து படத்தைக் கெடுத்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம் அகலமாக எடுத்து அனுப்பினேன். ஆபீசில் தண்டுக்குக் கீழே இருந்ததை வெட்டிவிட்டுப் போட்டார்கள். மறு வருஷத்திலிருந்து அவர்களுக்கு அந்த வேலையை வைக்காமல் கேமராவிலேயே நான் வெட்டிவிட்டேன். அதைத் தப்பு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். பேப்பர் வாங்குகிறவர் அந்தப் படத்தைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் ஒட்டுகிறார். அவருக்குப் பெருமாள் போதும்.

ஆனால் இப்போது எனக்கு வேண்டியது வேறு. வலக்கைப் பக்கம் இரண்டாவது ஆளைத் தேடினேன். தண்டு இருந்தது. தண்டைப் பிடித்த விரல்கள் இருந்தன. தண்டின் மேல் கிடந்த துண்டு இருந்தது. முந்தைய வருஷம் அந்த இடத்தில் குடையின் குஞ்சம் தொங்கியது. அதற்கு முந்தைய வருஷம் தீவட்டிப் புகை. அகலமாக எடுத்த அந்த முதல் வருஷத்தில் அவன் தூக்குகிற வயதுக்கே வந்திருக்கமாட்டான்.

இந்த வருஷத்தில் ஒரே ஒரு படம். பாரம் அழுத்திக் குனிந்திருக்கிறான். அவன் உச்சந்தலையும் ஒரு காதின் மேல்பாதியும் அடிவிளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த நொடியில் நிமிர்ந்திருப்பான், ஒருவேளை சிரித்தும் இருப்பான். அடுத்த படத்தைத் திறந்தேன். அதில் நான் இன்னும் நெருங்கிப் பெருமாளின் திருமுகத்துக்குப் போய்விட்டேன். அழகான படம்தான், முதல் பக்கத்தில் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாடியில் என்னோடு நிற்கிற மற்றப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். நாங்கள் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு இடத்துக்குச் சண்டை போடுகிறவர்கள், ஆனால் விஷயத்தைச் சொன்னதும் எல்லோருமே தேடினார்கள். எல்லோரும் தண்டோடு வெட்டியிருந்தோம். ஒரே மாடி, ஒரே லென்ஸ், ஒரே புத்தி. சேனல்காரர்களின் நேரலையையும் ஓட்டிப் பார்த்தேன். கோபுர வாசல் வந்ததும் அந்தக் கேமராவும் பயபக்தியோடு மேலே போய்விடுகிறது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரிந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே ஒருத்தர், "இதுக்குப் போயி இவ்ளோ டென்ஷனா மேடம், ஆதார் மூஞ்சிய வெச்சி ஏஐ-ல தட்டுனா சாமி தூக்கற மாதிரியே வந்துடும்" என்றார். நான் சரி என்று சொல்வதற்குள் தட்டியும் விட்டார். வந்தது. வெள்ளை வெளேர் என்று, பல் வரிசையாக, துணிக்கடை விளம்பரத்தில் வேட்டி கட்டி நிற்கிற ஆள் மாதிரி ஒருத்தன் தோளில் தண்டை வைத்துக்கொண்டு சிரித்தான். ஒரு சொட்டு வேர்வை இல்லை. "சூப்பரா இருக்குதுல்ல?" என்றார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இதையே கொடுத்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. எந்தத் தாய்க்குப் பிள்ளை முகம் தெரியாது? வேண்டாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரியத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருவில் தறிகள் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். ஃப்ரேம் கடையில் அளவுகூடக் கேட்டு வைத்திருப்பதாகத் தங்கை சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். பையிலிருந்த டேப்லெட்டை எடுத்து அந்த ஒரு படத்தைத் திறந்து, "பாருங்கம்மா" என்று அவர் மடியில் வைத்தேன்.

அவர் முதலில் பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கண் மெல்லக் கீழே இறங்கியது. விளிம்பில் இருந்த அந்த உச்சந்தலைக்கு வந்ததும் நின்றது.

"இதோ, ரெட்டைச் சுழி. இவன்தான், இவன்தான்" என்றார். முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "ரெட்டைச் சுழிக்காரன், ரெண்டு பொண்டாட்டி கட்டுவான்னு பொறந்தப்பவே கிண்டல் பண்ணாங்க. ஒண்ணே கட்டல பாரு." விரலால் அந்தத் தலையைத் தடவினார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து, இதுவே போதும் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது.

"சரி, மேல ஏத்தும்மா."

"என்னதும்மா?"

"தல தெரியுதுல்ல. முகம் கீழ இருக்குது பாரு. கொஞ்சம் மேல ஏத்து."

"அவ்ளோதாம்மா படம்" என்றேன். "கீழ இல்லம்மா. நான் அதுவரைக்கும்தான் எடுத்திருக்கேன்."

"அதெப்பிடி இல்லாம போவும்? தல இருந்தா முகம் இருக்காதா?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு ஏதோ விளங்காத மாதிரி, பொறுமையாகக் கேட்டார். நூல் அறுத்து வெடித்துப்போன விரலைத் திரையில் வைத்துப் படத்தை மேலே தள்ளினார். படம் கொஞ்சம் ஏறியது. அடியில் கறுப்பாகத் தெரிந்தது. அவர் தன் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் அந்தக் கறுப்புக்குள் பார்த்தார். விரலை எடுத்ததும் படம் பழையபடி இறங்கி நின்றது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் இறங்கியது. தங்கை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. நீ எடுத்தது, உனக்குத்தான் தெரியும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். என் ஆள்காட்டி விரலை எடுத்து அந்த உச்சந்தலையின் மேல் வைத்தார். "நீ தள்ளு."

நான் தள்ளினேன்.