கேமரா பார்க்காத வெள்ளை

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரின் நூலகத்தில் பழைய புத்தகங்களை மேசைமேல் பரப்பி விற்கும் சனிக்கிழமை ஒன்றில் என் மனைவி ஒரு கடல் கதைப் புத்தகத்தை எடுத்தாள். விக்டோரியா காலத்தின் கடைசி வருடங்களில் லண்டனில் அச்சானது. அட்டை கழன்றிருந்தது. கதையை அவள் இன்றுவரை படிக்கவில்லை. பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காரில் அதன் படங்களை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மொத்தம் முப்பத்திரண்டு படங்கள் என்று என் டைரியில் இருக்கிறது. எல்லாம் கறுப்பு மையில் பேனாவால் வரைந்தவை. சாம்பல் நிறம் கிடையாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குச் சாம்பல் தெரியும். கோடுகளை நெருக்கிப் போட்டால் இருட்டு, தள்ளிப் போட்டால் வெளிச்சம். புயலில் சாயும் கப்பலின் பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் மாலுமியின் சட்டை நனைந்திருக்கிறது என்பதை அந்த ஓவியர் ஏழே கோடுகளில் சொல்லியிருந்தார். அதையும் எண்ணினேன்.

"ஏங்க, ஒரு கோடு கூட தப்பல பாருங்க," என்றாள். "இந்த மனுஷனுக்கு கை நடுங்கவே நடுங்காதா?"

கல்யாணத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் இருந்தபோது அவள் வாரப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தவள். அமெரிக்கா வந்த பிறகு, மகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகும்வரை பேனாவைத் தொடவில்லை. அந்தப் புத்தகம் வந்த வாரமே தொட்டுவிட்டாள். சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கம் அவளுடையதாயிற்று. இரண்டு மாதம் பழகியபின், சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தின் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டாள். கட்டுமரக்காரர்களைப் பற்றிய சிறுவர் கதைகள் கைவசம் இருப்பதாக அவர் சொன்னார். இருபது படங்கள் வேண்டும். முதலில் ஆறு அனுப்புங்கள், சரியாக இருந்தால் மீதியும் உங்களுக்கே என்றார். அன்று முழுக்க அவள் சமையலறையில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தாள்.

நான் பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆவணங்களைச் சரிபார்ப்பவன். எங்கள் தொழிலில், எழுதியது தப்பானால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, இனிஷியலும் தேதியும் போட வேண்டும். கீழே இருந்த தப்பும் படிக்கும்படி இருக்க வேண்டும். வெள்ளை மை பூசி மறைப்பது ஏறக்குறையப் பாவம். இருபத்திரண்டு வருடமாக இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அப்படிப்பட்டவன் கண் முன்னால், மனைவி மெல்லிய பிரஷ்ஷால் கோணலான ஒரு துடுப்பின்மேல் வெள்ளை பூசினாள்.

"என்ன பண்ற?"

"திருத்துறேன்."

"ஒயிட்னரா?"

"ஒயிட்னர் இல்ல, பெயின்ட்."

"ரெண்டும் ஒண்ணுதான்மா. அடியில என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம போயிடுமே."

"தெரியக் கூடாதுன்னுதாங்க பூசுறேன்! இல்லன்னா துடுப்புக்கு குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல உங்க இனிஷியல் வாங்கட்டுமா?"

சிரித்தாளே தவிர அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். பழைய புத்தகத்தைத் திறந்து பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், மறுபடி பூசுவாள்.

ஆறு படங்களையும் ஸ்கேன் செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நகல் என்றால் மூலத்தில் இருப்பது எல்லாமே அதில் இருக்க வேண்டும் என்பது நான் அறிந்த விதி. எனவே முழு வண்ணத்தில், இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்தேன். பூதக்கண்ணாடி வைத்து மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பென்சில் கீறல் கூடத் தவறவில்லை. வரிசை எண் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கை நன்றாக இருக்கிறது, ஆனால் படங்கள் வரைந்து முடிக்காதவை போல இருக்கின்றன, எங்கு பார்த்தாலும் வெள்ளைத் திட்டு, பென்சில் கோடு, இவற்றை அச்சிட முடியாது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பத்து நாளில் சுத்தமான படங்கள் வந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் வேறு ஓவியரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முடித்திருந்தார்.

"தப்பே இல்லாம வரைய நான் என்ன அந்த லண்டன்காரரா?" என்றாள். "இத்தனை வருஷம் விட்டுட்டேன். கை போயிடுச்சுங்க."

அன்றே புதுத் தாளை எடுத்து முதல் படத்தை மறுபடி ஆரம்பித்தாள். ஒரு படத்துக்கு அவளுக்கு நான்கு நாள் ஆகும். ஆறு படம், பத்து நாள். கணக்கை டைரியில் மட்டும் போட்டுப் பார்த்தேன். மறுநாள் துடுப்பு மறுபடி கோணியது. தாளைக் கிழித்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேறொரு ஏற்பாடு இருந்தது. அந்த லண்டன் ஓவியரின் மூலப் படங்கள் இரண்டு, ஒரு மணி நேர தூரத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. பார்க்க அனுமதி கேட்டு அவள் முன்பே எழுத, அவர்கள் நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

"வேண்டாங்க. போய்ப் பார்த்தா இன்னும் வயிறுதான் எரியும்."

"லீவு போட்டாச்சு. எரிஞ்சா எரியட்டும், வா."

அங்கே பைகளையும் பேனாக்களையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். நூலகப் பெண்மணி ஓர் அகலமான பெட்டியைக் கொண்டுவந்து, மேலே கிடந்த மெல்லிய தாளைத் தூக்கினார். அதே புயல், அதே கப்பல். புத்தகத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு பெரியது. என் மனைவி குனிந்தாள். மூக்கு தாளில் படாத குறையாக மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு, அந்த நிசப்தமான அறையில் குபீரென்று சிரித்துவிட்டாள்.

படம் முழுக்க வெள்ளைப் பூச்சு. பாயில், அலையில், நிலவின் ஓரத்தில். மாலுமியின் சட்டையில் முதலில் ஒன்பது கோடுகள் இருந்திருக்கின்றன. இரண்டை வெள்ளை பூசி மறைத்திருக்கிறார். கயிற்றைப் பிடித்திருந்த கையை வேறொரு தாளில் வரைந்து, வெட்டி, மேலே ஒட்டியிருந்தார். ஓரத்தில், எவ்வளவு சிறிதாக்க வேண்டும் என்று நீலப் பென்சிலில் ஒரு குறிப்பு.

"ஏங்க," என்று என் காதில் கிசுகிசுத்தாள், "இந்த ஆளு என்னவிட மோசம்!"

நூலகப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். இப்படிப்பட்ட படங்களை அந்தக் காலத்தில் கேமராவில் பிடித்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடுவார்களாம். அந்த முறைக்குக் கறுப்பு, கறுப்பில்லை என்று இரண்டே சங்கதிதான். வெள்ளைப் பூச்சோ, ஒட்டிய விளிம்போ, நீலப் பென்சிலோ அதற்குத் தெரியாது. அதனால் ஓவியர்கள் தைரியமாகத் தப்பு செய்தார்கள், தைரியமாகப் பூசினார்கள்.

திரும்பும் வழியில் ஹைவேயில் ஏறிய பிறகு கேட்டாள்:

"நீங்க எப்படி ஸ்கேன் பண்ணீங்க?"

"கலர்ல. உள்ளது உள்ளபடி."

"அந்த கேமரா உள்ளது உள்ளபடியா பார்த்துச்சு?"

எனக்குப் புரிய அடுத்த எக்ஸிட் வரை ஆயிற்று. புரிந்ததும் காது சுட்டது. அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு செய்தவன் நான்.

எங்கள் ஸ்கேனரில் கறுப்பு வெள்ளை மட்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. தகவல் விடுபட்டுப்போகும் என்பதால் நான் அதைத் தொட்டதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய முதல் படத்தை வைத்து அந்த அமைப்பை அழுத்தினேன். திரையில் திட்டுகள் இல்லை, பென்சில் இல்லை, தாளின் மஞ்சள் இல்லை. பளிச்சென்று கடலும் கட்டுமரமும் மட்டும். நான்காவது படத்தில் தொடுவானக் கோடுகள் அறுந்து வந்தன. மையில் தண்ணீர் கூடிக் கோடு வெளிறிவிட்டது என்று ஒரு நாள் உட்கார்ந்து அவற்றை மறுபடி இழுத்தாள். எட்டாம் நாள் ஆறும் போயின.

சனிக்கிழமை காலை ஆசிரியரே அழைத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், படம் வந்துச்சு. பிரமாதம். இது யாரு, புதுசா வேற ஆளா?"

"நான்தான் சார். அதே ஆறு படம்தான்."

"அதேயா? அப்ப முன்னாடி ஏன் அப்படி அனுப்புனீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேர்மையானவர் சார்."

மீதிப் பதினான்கும் புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் வேண்டும் என்றார் அவர். பதினான்குக்கும் தேதிவாரியாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ஸ்கேன் செய்வதை மட்டும் அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைக்க எனக்கு அனுமதி உண்டு.