தென் அமெரிக்காவிலிருந்து வந்த அட்டை

ரேடியோவைத் திருகியதும் பாட்டு வராது. முதலில் வால்வு சூடேறி, உள்ளே படிந்த தூசி கருகுகிற வாசனைதான் வரும். பாகூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் அந்த வாசனை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்ததென்றால் அதற்குக் காரணம் நான்தான். எழுபதுகளின் கடைசி அது, எனக்குப் பதினான்கு வயது, சிற்றலையில் தூரதேசத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கிற பைத்தியம் தலைக்கேறியிருந்தது.

பிடித்தால் மட்டும் போதாது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன கேட்டது, இரைச்சல் எவ்வளவு என்று பள்ளிக்கூட இங்கிலீஷில் அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று வண்ணப்படம் போட்ட அட்டை ஒன்றை அனுப்புவார்கள். அப்பா அதற்கு 'ரசீது' என்று பெயர் வைத்திருந்தார். அம்மாவுக்குத்தான் கடைசிவரை விளங்கவே இல்லை. "அவன் பேசனான், நீ கேட்ட. கேட்டன்னு அவனே எய்திக் குடுத்தாத்தான் உனக்கு நம்பிக்கையா? இன்னா பொண்ணுடி நீ" என்பாள்.

என்னிடம் பதினெட்டு அட்டைகள் இருந்தன. தென் அமெரிக்காவிலிருந்து ஒன்றுகூட இல்லை. அங்குள்ள மலைநாட்டு நிலையம் ஒன்றுக்கு எழுதி நிகழ்ச்சி நிரல் வரவழைத்திருந்தேன். அதன் கடைசிப் பக்கத்தில், இந்த மாதத்தோடு இந்த அலைவரிசையை நிறுத்தப்போகிறோம் என்று அச்சடித்திருந்தார்கள். அதனால் தினமும் விடியலில் எழுந்து, மாடியிலிருந்து தென்னைமரம் வரை கட்டியிருந்த 'ஏரியல்' கம்பியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரைச்சல்தான் வரும், அதற்கும் மேலே அப்பாவின் குறட்டை.

மாதம் முடிய இரண்டே வாரம் இருக்கையில், பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை, ஐந்து மணிக்கு அது வந்தது. ஒரு புல்லாங்குழல், பிறகு ஒரு பெண்குரல் நிலையத்தின் பெயரை இரண்டு முறை சொன்னது, பிறகு மேளதாளத்தோடு ஏதோ பாட்டு. ஏழு நிமிஷம், அவ்வளவுதான். நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். அம்மா எழுந்ததும் முதல் வேலையாகத் தினசரிக் காலண்டரைக் கிழித்துவிடுவாள். அதில் தெரிந்த பன்னிரண்டைக் கடிதத்தில் போட்டேன். மணியை மட்டும் அவர்கள் கேட்கிறபடி கிரீன்விச் உலகநேரத்துக்கு மாற்ற, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து, இருபத்து மூன்று முப்பது என்று எழுதினேன்.

அந்த மாதம் முழுக்க மறுபடியும் அது கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. நீங்கள் சொல்லும் தேதியில் அந்நேரம் அந்த நிகழ்ச்சி ஒலிபரப்பாகவில்லை, அட்டை அனுப்ப இயலாது. இரண்டு காதாலும் கேட்டவளைப் பொய்க்காரி என்கிறார்களே என்று அன்று சோறு தின்னவில்லை.

அடுத்த வாரம் சேகர் ஓர் அட்டையோடு வந்து நின்றான். சேகர் என் அத்தை மகன், கரையாம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன், ஏழு மணிக்கு முன்னால் கண் திறந்தவனில்லை. பனிமலைப் படத்துக்குக் கீழே அவன் பெயர், அதே ஏழு நிமிஷம், தேதி மட்டும் பதினொன்று. என் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். எதையும் கேட்காதவன் ஆனதால், நிகழ்ச்சி நிரலில் அது ஞாயிறு என்றிருந்ததை அப்படியே நம்பி ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டிருக்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்திலிருந்து ஐந்தரையைக் கழித்தால் முந்தின நாளுக்குப் போகவேண்டும், நான் மணியை மாற்றினேன், தேதியை மாற்றவில்லை.

"நீயும் கடுதாசி போட்ட, நானும் போட்டேன். இதுல இன்னாடி கோவம்?" என்றான். அவன் முதுகில் ஒரு அறை வைத்தேன். அம்மா என்னைத்தான் திட்டினாள்.

தப்பைத் திருத்தி மறுபடியும் எழுதினேன், மன்னிப்பும் கேட்டு. பதில் சீக்கிரமே வந்தது. இதே விவரங்களோடு, இதே முகவரியிலிருந்து வேறொரு நேயர் முன்பே எழுதியிருக்கிறார், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதிய கடிதத்துக்கு நாங்கள் அட்டை அனுப்புவதில்லை. அதைப் படித்ததோடு சரி, விடியலில் எழுந்து ரேடியோவைத் திருகவே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

போன பொங்கலுக்கு அரியாங்குப்பத்தில் சேகர் வீட்டுக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் செய்ததில் அந்த அட்டை கிடைத்ததாம், அவன் பேத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சி தாத்தா, அந்த ஸ்டேஷன்?" என்று கேட்டாள். "எனக்கு இன்னா தெரியும், கேட்டது இந்த ஆயாதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு வாக்கியத்தை அவன் அந்த நிலையத்துக்கு ஒரு கடுதாசியில் எழுதிப் போட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? என் முகம் போன போக்கைப் பார்த்தானோ என்னவோ, பேனாவை எடுத்து, "என் பேர அடிச்சிட்டு உன் பேர எய்தித் தரட்டா?" என்றான்.

வேண்டாம் என்றேன். சிற்றலை பிடிக்கிற பெட்டி இன்று எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லை. நான் கேட்டேன் என்று எழுதித்தர வேண்டியது இவன் இல்லை, அந்த நிலையம்தான். அதையும் இழுத்து மூடிப் பல வருஷம் ஆகிறது.