கண்ணாடி மேஸ்திரி ஊதிய காற்று

காருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அடித்த கதவில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம் என்றால், அது ஒரே ஒருவரின் கைவேலைதான். அதனால்தான் அவருக்குக் கண்ணாடி மேஸ்திரி என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். அடுத்தவர் பட்டறையில் வண்டி துடைத்துத் தொடங்கி, சொந்தப் பட்டறை போட்டு, மகளைப் படிக்கவைத்து வங்கி வேலைக்கு அனுப்பியவர். யார் பேச்சைக் கேட்டும் ஓர் ஆணி அடித்தவரில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமும் கிடையாது. உழைத்து வந்தவனுக்கு என்ன கூச்சம்?

அப்பேர்ப்பட்ட மனிதரையும் ஆட்டிவைத்தது ஒன்று உண்டு. அது மனைவியின் மூச்சு. பெயிண்ட் வாடை வீட்டுக்கு வரக்கூடாது என்று பட்டறையிலேயே குளித்து, உடுப்பு மாற்றித்தான் வாசற்படி மிதிப்பார். அப்படியும் குளிர் தொடங்கினால் அந்த அம்மாவுக்கு இழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் விசில் கேட்டதுமே மேஸ்திரிக்கு வாய்க்குள் வைத்த கவளம் இறங்காது.

மகள் ஒரு நெபுலைசர் வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்கும் மெஷின், சத்தமே இல்லை. கிண்ணத்தில் மருந்தை ஊற்றி, மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், கிண்ணத்தோடு சேர்ந்த சல்லடைபோன்ற சின்ன வலை வழியாக மருந்து புகையாய் வரும்.

மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம ஸ்ப்ரே கன்னோட தங்கச்சிம்மா. பெயிண்டுக்குப் பதிலா மருந்து. இதப் போய் எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா?"

"அப்பா, கழுவினா தானா காய விடணும். அந்த வலையில கைகூடப் படக்கூடாது. டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் நோயாளியப் பாக்கட்டும். மெஷின நான் பாத்துக்கறேன்."

அவர் பட்டறையில் எதைக் கழுவினாலும் கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதித்தான் காயவைப்பார்கள். துளையில் ஈரமோ பிசிறோ தங்கினால் கன் பாழ். அந்த வழக்கப்படியே ஒரு காலையில் நெபுலைசரின் கிண்ணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், காற்றுக்குழாயை வலையின்மேல் வைத்து ஓர் ஊது ஊதினார். சொட்டு ஈரமில்லை. மதியம் வந்து மெஷினில் மாட்டி வைத்துவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே இழுப்பு வந்தது. அந்த அம்மா கட்டில் விளிம்பில், முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் மருந்தை ஊற்றிப் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. புகை வரவில்லை. மருந்து அப்படியே மாஸ்க்குக்குள் வடிந்தது.

"பேட்டரி போயிருக்கும்," என்றார் மேஸ்திரி.

மகள் பேட்டரியை மாற்றினாள். அதே கதைதான். கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். "வலை கிழிஞ்சிருக்குப்பா. யாரு என்ன பண்ணீங்க இத?"

மேஸ்திரி கிண்ணத்தை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க... ஜன்னல..." என்றார் மனைவி. அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது.

"பட்டறையில பிரிக்காத கன் ஒண்ணு இருக்கு," என்று மேஸ்திரி செருப்பைத் தேடினார். "அதுல மருந்த ஊத்தி, காத்த லேசா வச்சா..."

"அப்பா." மகள் குரலை உயர்த்தவில்லை. "கம்ப்ரசர் காத்துல எண்ணெய் வருதுன்னு ஆளுங்களத் தினமும் திட்டறது யாரு? அதையா அம்மா நெஞ்சுல அடிக்கப் போறீங்க? வண்டிய எடுங்க."

அம்மாவின் வாயில் இன்ஹேலரை நீளக் குழாயோடு பிடித்தபடி அவள் பின்னால் ஏறினாள். வண்டியைத் திருப்பும்போது வாசல் தூண் பக்கவாட்டில் உரசிக் கதவின் பெயிண்டை உரித்தது. அந்தச் சத்தத்துக்கு மேஸ்திரி திரும்பவில்லை. அவர் காதுக்குள் வேறு சத்தம் இருந்தது. முச்சந்தியில் வண்டிகள் அடைத்து நின்றன. யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கொஞ்சம் வழி விடு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கெஞ்சினார்.

ஆஸ்பத்திரியில் உடனே மருந்தும் ஆக்சிஜனும் வைத்தார்கள். நர்ஸ் கேட்டாள்: "இவ்வளவு முத்துற வரைக்கும் வச்சிருந்தீங்களே, வீட்ல மெஷின் இல்லையா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"இருந்துச்சும்மா. காயட்டுமேன்னு காத்து ஊதினேன். நான்தான் கெடுத்தேன்."

"என்ன காத்து?"

"பட்டறைக் காத்து."

"டயருக்கு அடிக்கிற காத்தையா? அந்த வலை பூ மாதிரி இருக்கும் பெரியவரே," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மேஸ்திரி மனைவியின் காலருகே உட்கார்ந்தார். மாஸ்க்கில் மருந்துப் புகை வந்துகொண்டே இருந்தது. உள்ளே போன கழுத்துக்குழி மெல்ல மெல்ல நிரவியது.

மனைவி மாஸ்க்கை விலக்கினார்.

"கழுத்த நீட்டின நாள்லேர்ந்து சொல்றேன், ஒருத்தர் ஒண்ணு சொன்னா காதுல வாங்குங்கன்னு, காரும் பொண்டாட்டியும் உங்களுக்கு ஒண்ணா, நாளைக்கு எனக்கும் பட்டி பாத்து பாலிஷ் போடுவீங்க போலிருக்கே."

அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது; நடுவில் ஒரு திக்கல் இல்லை. வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்லும் மேஸ்திரி, மனைவியின் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."