ஏழாம் மேசையின் பித்தளைப் படி

பிள்ளைகளே, யாராவது கேட்டால் "எங்க அப்பா கெம்பஸ்ல சேர்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அது பாதிதான் உண்மை. நான் பதினோராம் வகுப்புச் சாதாரணதரம் வரை மட்டும் படித்தவன். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, இப்போது முதலாம் வருடத்தவர்களுக்குக் கருவிகளைப் பூட்டிச் செய்முறை காட்டிக் கொடுக்கிறேன். அதனால் அவர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவது மாதிரி என்னையும் 'சேர்' என்கிறார்கள். அந்தப் பெயருக்குத் தகுதியில்லாமல் நான் நடந்துகொண்ட ஒரு நாளைத்தான் எழுதுகிறேன். உங்களிடம் வாயால் சொல்லப் பல தடவை தொடங்கி, பேச்சை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், செய்முறைப் பரீட்சையின் கடைசி நாள். ஏழாம் மேசையில் சுருள்வில் பரிசோதனை வைத்திருந்தோம். தொங்கும் வில்லில் ஐம்பது கிராம் பித்தளைப் படிகளை, அதாவது எடைக்கற்களை, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கடைத் தராசில் போடுகிற படி மாதிரித்தான், நடுவில் ஒரு வெட்டு இருக்கும். படி ஒன்றுக்கு வில் ஐந்து சென்ரிமீற்றர் இறங்கும். அதை வரைபுத்தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்தால் நேர்கோடு வரும்.

அந்த மேசை, மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவிக்கு விழுந்தது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். காய்ச்சலில் படுத்து இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒரு தடவை தவறவிட்டவள். இந்த முறையும் தவறினால் இன்னொரு வருடம் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை என்று என்னிடமே சொல்லியிருந்தாள்.

அரை மணித்தியாலத்தில் கையைத் தூக்கினாள்.

"சேர், மூணாவது கல்லுக்கு மட்டும் ஆறு மில்லிமீற்றர் கூட இறங்குது."

"அவசரத்துல பாத்திருப்பீங்க. திரும்ப எடுங்க தங்கச்சி."

திரும்ப எடுத்தாள். அதே ஆறு. நேரம் போய்க்கொண்டிருந்தது. உதவுகிறேன் என்ற நினைப்பில் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "கோடு நேராத்தான் வரணும். புள்ளியக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டு அடுத்த வேலையப் பாருங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் பாத்தது என்னாங்க சேர்?"

எனக்குச் சுருக்கென்றது. "பாஸாகணுமா வேணாமா? அதைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், படிகளையெல்லாம் இறக்கி, வரிசையை மாற்றி மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பிடிவாதக்காரி, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மணி அடித்தபோது அவள் தாளில் கோடும் இல்லை, கணக்கும் இல்லை.

பரீட்சையை நடத்திய விரிவுரையாளர் மேடம் யாழ்ப்பாணத்தவர். தாளை வாங்கிப் பார்த்து, "கோடும் கீறேல்லை, கணக்கும் செய்யேல்லை. நான் என்னத்தைப் பாத்து மார்க்ஸ் போடுறது, பிள்ளை?" என்றார். அவள் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மேசையைத் துடைத்துப் படிகளைப் பெட்டிக்குள் வைக்கும்போது, ஒன்று மட்டும் ஒரு நூல் தடிப்பாகக் கையில் தட்டுப்பட்டது. அந்தப் படி எங்கிருந்து வந்தது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

முந்திய வருடம் சாமான் கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெட்டியில் ஒரு படி காணாமல் போயிருந்தது. மேலிடத்தில் சொல்லப் பயந்து, மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுபோய் பிலிமத்தலாவையில் பித்தளை வேலை செய்கிற ஒருவரிடம் அதே மாதிரி செய்வித்தேன். அச்சு அசல். அந்த மனுஷன் சிங்களத்தில் படித்துப் படித்துச் சொன்னார்: "வேண்டுமென்றே ஒரு நூல் தடிப்பாக விட்டிருக்கிறேன். நல்ல தராசில் நிறுத்துக்கொண்டு வாருங்கள், கூடினதை அராவித் தருகிறேன்." நான் திரும்பிப் போகவில்லை. பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது, கணக்கும் சரி வந்தது, மறந்துவிட்டேன். ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருந்துகொண்டு படியை நிறுத்துப் பார்க்காத ஆள் நான்.

மின்தராசில் வைத்தேன். ஐம்பத்தாறு கிராம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் படியைச் சட்டைப் பைக்குள்தான் போட்டேன். போகிற வழியில் மகாவலி ஆற்றுப் பாலத்தில் நின்று ஒரு எறி எறிந்தால் முடிந்தது. என் பதவி உயர்வுக் கடிதமும் அந்த மாதம்தான் வர இருந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வி காதைவிட்டுப் போகவில்லை. அவள் பார்த்தது சரி, அதை அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். முதலில் மேடத்திடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்து, மேடத்தின் அறைக்கதவைத் தட்டினேன்.

படியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் அந்த மாணவியின் தாளை எடுத்து இந்த முறை முழுவதையும் வாசித்தார். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். படிகளின் வரிசையை மாற்றினால் அந்தப் பாய்ச்சல் மூன்றாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்குப் போகிறது, ஆகவே பிழை வில்லில் இல்லை, ஒரு படியில்தான் என்று எழுதியிருந்தாளாம்.

பிறகு மேடம், அதே மேசையில் முந்திய நாட்களில் செய்த மற்றவர்களின் தாள்களைத் தேடி எடுத்துப் பரப்பினார். எல்லாமே அழகான நேர்கோடு.

"இந்தப் படியோட இப்பிடிக் கோடு வர ஏலாதே," என்றார். தாள்களைத் திரும்ப அடுக்கியபடி, "இதுகளுக்கெல்லாம் நான் நல்ல மார்க்ஸ் போட்டிருக்கிறன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான்தான் மேடம் புள்ளிய இறக்கச் சொன்னேன். இன்னைக்கு அந்தப் புள்ளைக்கும் சொன்னேன்."

"ஓம், எழுதித் தாங்கோ. உங்களுக்கு விசாரணை வரும், தெரியும்தானே?"

"தெரியும் மேடம்," என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை வந்தது, எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த வருடம் அம்மா உங்களிடம் 'அப்பாவ ஒன்னும் கேக்காதீங்க' என்று சொன்னதன் காரணம் இதுதான். கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் கென்டீனில் நான் தின்ன ஒரு பணிஸ் வாங்கினால், "நிறுத்துப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவளுடைய தாளை மேடம் மறுபடி திருத்தினார். இந்த முறை பாடத்தில் சித்தியடைந்துவிட்டாள். மூன்று நாள் கழித்து நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "பரவாயில்லீங்க சேர்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. "கல்லுதான் பிழைன்னு எழுதிட்டு வந்தும், மூணு நாளா எனக்குக் கண்ணு சரியில்லயோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க சேர். இனி யாருக்கும் அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாணவன் வந்து சரியாக வரவில்லை என்றால், அவன் கையைச் சந்தேகிக்க முதல் என் கருவியைத்தான் கழற்றிப் பார்க்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, விடுமுறை நாளில், சாவியை வாங்கிக்கொண்டு தனியே ஆய்வுகூடத்தைத் திறந்தேன். எல்லா மேசைகளின் படிகளையும் ஒரு தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றாக மின்தராசில் வைத்தேன். நாற்பத்தொன்பது தசம் ஏழு என்று காட்டியதை ஐம்பது என்று எழுதாமல், காட்டியபடியே கொப்பியில் எழுதினேன். மத்தியானம் தாண்டி அது முடிந்த பிறகுதான், இத்தனை வருடம் எடுத்த சம்பளத்துக்கு அன்றைக்குத்தான் முழுதாக ஒரு வேலை செய்தேன் என்று மனதுக்குப் பட்டது.