காலையில் மட்டும் எழாத கம்ப்யூட்டர்

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பக்கம் போய் அகல்யாவின் கடை எது என்று கேட்டால் யாராயிருந்தாலும் கைகாட்டுவார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் விற்கும் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே மூடி கழற்றிய சிபியுக்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு வேலை பார்ப்பாள்.

அவளுடைய அப்பா ரிக் லாரி ஓட்டியவர். கட்டிக்கொண்ட ஆனந்தகுமாரும் ரிக்கில்தான் வேலை. சத்தீஸ்கர், ஒடிசா என்று போர் போடப் போனால் மழைக்காலத்துக்குத்தான் வீடு திரும்புவான். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்த அகல்யா முதலில் ஒரு ரிக் ஆபீஸில் பில் அடிக்கத்தான் சேர்ந்தாள். அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் ஈரோட்டிலிருந்து ஆள் வரவேண்டும். அவர் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒருநாள் தானே மூடியைக் கழற்றினாள். அது ஓடியது. அதற்கப்புறம் ஈரோட்டுக்காரரை யாரும் கூப்பிடவில்லை.

கடை போட்ட புதிதில் வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் யாரும் இல்லீங்களா என்பார்கள். "நாந்தானுங்க ஆளு, உள்ள வாங்க" என்பாள் அகல்யா. இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டுமென்றால் பெண்கள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மார்கழியில் ஒருநாள் யுவஸ்ரீ என்ற பெண் ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. கணவன் கௌசிக்குக்கு ஈரோட்டில் துணிக் கம்பெனியில் வேலை. நடக்கப் பழகும் வயதில் ஒரு பெண் குழந்தை. யுவஸ்ரீ, ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் படித்தவள். சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரின் கோளாறு வேடிக்கையாக இருந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரையில் கம்பெனிப் பெயர் வரும், உடனே அணைந்துவிடும். தானாகவே மறுபடி கிளம்பும், மறுபடி அணையும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஒருநாள் வேலை நடுவிலேயே அணைந்து, செய்ததெல்லாம் போய்விட்டது.

அகல்யா அதைக் கடையில் பிளக்கில் செருகிப் போட்டாள். முதல் அழுத்திலேயே எழுந்தது. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினாள், ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள், தூசியை ஊதி வெளியேற்றினாள். மதியம் முழுக்க அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. இப்படிப் பாதியில் அணைவதென்றால், வரும் கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்தான் பழுதாகியிருக்கும் என்று தீர்மானித்தாள். அதை மாற்றிவிட்டு, இனிமேல் தொந்தரவு இருக்காது என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. யுவஸ்ரீதான்.

"அக்கா, அதேதாங்க. வந்து வந்து போகுது."

அகல்யாவுக்குச் சுருக்கென்றது. தான் உறுதியாகச் சொன்னது ஒருநாள்கூட நிற்கவில்லையே என்றிருந்தது. யுவஸ்ரீ மற்றதையும் கொட்டித் தீர்த்தாள். இனி ஒருநாள் தாமதமாக வந்தாலும் வீட்டிலிருந்து வேலை செய்வதை ரத்து செய்துவிட்டுச் சேலம் ஆபீஸுக்கே வரச் சொல்லிவிடுவோம் என்று டீம் லீடர் சொல்லிவிட்டாராம். குழந்தையை விட்டுவிட்டுத் தினமும் சேலத்துக்குப் பஸ் ஏற முடியாது. மாமனார் மயில்சாமி, எதுக்கு சாமி இந்தப் பாடு, உன் சம்பளத்திலயா இந்தக் குடும்பம் ஓடுது, விட்டுத் தள்ளு என்று சொன்னாராம்.

"அவரு அன்பாத்தானுங்க அக்கா சொல்றாரு. அதனாலதான் பதில் பேச முடியல."

கடையில் நன்றாக ஓடுகிறது, வீட்டில் ஓடமாட்டேன் என்கிறது. அப்படியானால் கோளாறு பெட்டிக்குள் இல்லை, வீட்டில் இருக்கிறது. இந்த எண்ணம் வந்ததும் அகல்யாவின் மனம் தெளிந்துவிட்டது. கம்ப்யூட்டரை இனித் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், நாளைக்கு நீ வேலைக்கு உட்காரும் நேரத்துக்கு நானே வாரேன் என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் பனி விலகுவதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ரோட்டின் இருபுறமும் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு. தோட்டத்து வீட்டு வாசலில் மயில்சாமி மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய வீட்டை ஒட்டி, மகன் கல்யாணத்தின்போது புதிதாக ஒரு அறை எடுத்துக் கட்டியிருந்தார்கள். அறைக்குள்ளேயே குளியலறை. ஜன்னலோரம் யுவஸ்ரீயின் மேசை. மாமியார் வசந்தாமணி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அகல்யா பையைப் பிரிக்கவே இல்லை. நீ எப்போதும்போல உட்கார்ந்து போடு, நான் பார்க்கிறேன் என்றாள். யுவஸ்ரீ பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது, பெயர் வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. யுவஸ்ரீயின் முகம் சுண்டிப்போயிற்று. அகல்யாவின் முகத்திலோ சிரிப்பு. கடையில் அவளுக்குப் பிடி கொடுக்காத கோளாறு இங்கே கண்ணெதிரே தானாக வந்து நிற்கிறதே.

மேசைக்கு அடியில் ஒரு யூபிஎஸ் கிடந்தது. அதன் பேட்டரி செத்துப்போனதால் கழற்றிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டரை நேராகச் சுவரிலேயே செருகியிருந்தார்கள். அகல்யா பையிலிருந்து வோல்டேஜ் அளக்கும் மீட்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் வைத்தாள். இருநூற்று முப்பது வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் நூற்றறுபதைத் தாண்டவில்லை.

"கரண்டே பத்தலைங்க, அப்பறம் அது எங்க எந்திரிக்கும்" என்றாள்.

வாசலில் இருந்தபடியே இதைக் கேட்ட மயில்சாமி உள்ளே வந்தார். இந்த நேரத்துக்கு மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் ஊரெல்லாம் மோட்டார் போடுவார்கள். தன் மோட்டாரைத்தான் குறை சொல்லப்போகிறாள் என்று அவர் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, மோட்டாரு லைனு வேற, ஊட்டு லைனு வேற. தண்ணிய நிறுத்தச் சொன்னா ஆகாதுங்க."

அகல்யா அதை மறுக்கவில்லை. ஊர் முழுக்க மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவது சகஜம்தான், ஆனால் இவ்வளவு இறங்காது என்று விளக்கினாள். உங்கள் மோட்டாரை நிறுத்தவேண்டாம், வீட்டுக்குள் ஓடுவதை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். மனிதர் கொஞ்சம் இளகினார்.

ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள். மாற்றமில்லை. சமையலறையில் கிரைண்டரை நிறுத்தினார்கள். அப்போதும் அப்படியே. குளியலறைப் பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது என்னவென்று அகல்யா கேட்டாள். குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டிருக்கிறேன், கார்த்திகை முடிந்து பனி இறங்கியதும்தான் ஹீட்டர் மாட்டினோம் என்றார் வசந்தாமணி. கம்ப்யூட்டர் எப்போதிலிருந்து படுத்துகிறது என்று அகல்யா யுவஸ்ரீயைப் பார்த்தாள். யுவஸ்ரீ விரலை மடக்கி யோசித்துவிட்டு, கார்த்திகைக்கு அப்புறம்தான் என்றாள்.

ஹீட்டரை அணைத்ததும் மீட்டரில் எண் சடசடவென்று ஏறி நூற்றுத்தொண்ணூறைத் தொட்டது. யுவஸ்ரீ பட்டனை அழுத்தினாள். கம்ப்யூட்டர் எழுந்து, பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

வசந்தாமணி பெருமூச்சு விட்டார். இவ்வளவுதானா, இனிமேல் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்கிறேன் கண்ணு, நீ உன் வேலையைப் பார் என்றார். அத்துடன் முடித்துக்கொண்டு வந்திருந்தால் யாரும் அகல்யாவைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு ஹீட்டருக்கு வீட்டு வோல்டேஜ் இப்படிச் சரியக்கூடாது. வழியில் எங்கோ கரண்டு சிக்குகிறது.

மறுபடி ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் மின்மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் அளந்து பார்த்தாள். அங்கே எண் அசையவே இல்லை. அறையிலோ விழுந்து கிடந்தது. அப்படியானால் வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை. மின்மீட்டருக்கும் புது அறைக்கும் இடையில்தான் கோளாறு. வயர் போன வழியே சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பழைய வீடும் புது அறையும் சேரும் மூலையில் உயரத்தில், வயர்களை இணைக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. கிட்டப் போனதும் லேசான தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. அதற்கு நேர் கீழே, பரணில், காலிச் சாக்குகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

அகல்யா சத்தம் போடவில்லை. "ஐயா, முதல்ல மெயினை ஆப் பண்ணுங்க. பாப்பாவ வெளிய தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. மயில்சாமி ஏன் என்று கேட்காமல் போய் மெயினை இறக்கினார்.

வீட்டு வயரிங் தன் வேலையில்லை என்பதில் அகல்யா எப்போதும் கறாராக இருப்பாள். அந்தப் பக்கத்து வயர்மேன் மாதேஸ்வரனுக்குப் போன் போட்டார்கள். அவர் வரும்வரை சாக்குகளைக் கீழே இறக்கிப் போட்டார்கள். மாதேஸ்வரன் ஏணி வைத்து ஏறி மூடியைக் கழற்றினார். உள்ளே, கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடம் கருகி, டேப் உருகி வழிந்திருந்தது. பக்கத்து வயரின் தோலும் வெந்து செம்பு தெரிந்தது.

இதை யார் போட்டது என்று மேலிருந்தே கேட்டார் மாதேஸ்வரன்.

மயில்சாமி ஒரு தடவை தொண்டையைச் செருமினார். "நாந்தான்" என்றார். கல்யாண அவசரத்தில் வயர்மேன் கிடைக்காமல், ஒரு லைட்டும் ஃபேனும்தானே என்று அவரே இழுத்துவிட்ட லைன் அது.

யுவஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தாமணி புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை பேச்சாக மாறுவதற்குள் அகல்யா குறுக்கே புகுந்தாள்.

"லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது போதுமுங்க. இத்தன வருசம் தாங்குச்சுல்ல. ஹீட்டரு வந்தப்பறம்தான் அதால முடியல."

மயில்சாமி கீழே கிடந்த சாக்குகளையும் மருமகள் இடுப்பில் இருந்த பேத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் குழந்தை தூங்குவது அந்த மூலைக்கு அடுத்த சுவரோரம்தான். தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சொல்லாமலே அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

மாதேஸ்வரன் என்ன செய்வது என்று திட்டம் சொன்னார். ஹீட்டருக்கு மீட்டரிலிருந்து தனியாகக் கனமான வயர் இழுக்கவேண்டும், அறை லைனையும் முழுசாக மாற்றவேண்டும், மற்ற ஜாயின்ட்டுகளையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவது நல்லது. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டார்.

"அறை லைனை மொதல்ல முடிங்க" என்றார் மயில்சாமி. "எங்க அம்மிணிக்கு ஆபீஸ் நேரம் போயிட்டிருக்குது."

யுவஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அவர் அதை ஆபீஸ் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். டீம் லீடரிடம் இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சவில்லை. கோளாறு என்ன, எங்கே இருந்தது, எப்போது சரியாகும் என்று வரிசையாகச் சொன்னாள். கருகிய ஜாயின்ட்டைப் படமெடுத்தும் அனுப்பினாள். டீம் லீடர் படத்தைப் பார்த்தார். அப்புறம், பத்திரமாக இருங்கள், மதியத்துக்கு மேல் லாகின் செய்தால் போதும் என்று பதில் வந்தது.

மாதேஸ்வரன் வயர் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அகல்யா சிபியுவின் மூடியைக் கழற்றினாள். தான் போட்ட புது எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்துவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டினாள். எதுக்கு அக்கா, இருக்கட்டுமே என்றாள் யுவஸ்ரீ.

"இது மேல தப்பே இல்ல. நாந்தான் அவசரப்பட்டு மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அகல்யா ஸ்க்ரூவை முடுக்கினாள். அவள் குரலில் தயக்கம் எதுவும் இல்லை.

அறை லைனும் ஹீட்டருக்கான தனி வயரும் முடிந்து, வெயில் ஏறிய பிறகு மெயினைப் போட்டார்கள். அகல்யா ஹீட்டரைப் போடச் சொன்னாள், கிரைண்டரைப் போடச் சொன்னாள், ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு யுவஸ்ரீயை அழுத்தச் சொன்னாள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் எழுந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் எழுந்தது. மயில்சாமி நானும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன் என்று வந்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். திரை வெளிச்சமானதும், வேலை முடிந்த திருப்தியில் தலையை ஆட்டிக்கொண்டார்.

பட்டினியாக அனுப்பமாட்டேன் என்று வசந்தாமணி பிடிவாதம் பிடித்ததால் அகல்யா சாப்பிட உட்கார்ந்தாள். உள்ளே யுவஸ்ரீ லாகின் செய்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். மயில்சாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சத்தம் போடக்கூடாது என்று அதன் வாயில் விரல் வைத்துக் காட்டியபடி அந்த அறையைத் தாண்டி வெளியே போனார்.

கிளம்பும்போது செத்த யூபிஎஸ்ஸை ஸ்கூட்டியின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டாள் அகல்யா. புது பேட்டரி போட்டு நாளை மறுநாள் கொண்டுவருகிறேன், அதுவரை ஊர் கரண்டு போனால் செய்தது போய்விடும், வேலையை அடிக்கடி சேமித்துக்கொண்டே இரு என்று ஜன்னல் வழியாகச் சைகையும் பேச்சுமாக யுவஸ்ரீக்குச் சொன்னாள். வண்டி ஏறும்போதே போன் அடித்தது. நாமக்கல் ரோட்டில் ஒரு வீட்டிலிருந்து. கம்ப்யூட்டர் நீல நிறத்தில் நின்றுவிட்டதாம்.

"வாரேனுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அகல்யா வண்டியைத் திருப்பினாள்.