ஆகட்டும் என்ற தெரு

எங்கள் தெருவில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். தெரிந்தும் வீடு வீடாகப் போனேன். கிழக்கேகோட்டையை ஒட்டிய அக்ரகாரம். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவே ஸ்கூட்டர்தான் நுழையும். அப்பாவுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து போயிருந்தது. அடுத்த முறை ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தாக வேண்டும். எல்லாக் காரையும் தெற்குப் பக்கமாகவே நிறுத்துவோம் என்பதுதான் என் திட்டம்.

போலீஸில் எழுதிக் கொடு என்றார்கள் கழக்கூட்டத்து ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்கள். எனக்கு மனசு வரவில்லை. பயந்து நகர்த்திய கார் மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிடும். அவர்களாக விரும்பிச் செய்ய வேண்டும். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். "ஆகட்டும், பேஷா செய்யலாம். நல்ல காரியமாக்கும்" என்றார் எதிர்வீட்டு மாமா. வயிறு எரிந்ததுதான் மிச்சம். ஒரு கார்கூட நகரவில்லை.

பக்கத்து வீட்டு மாமிதான் மெல்லச் சொன்னாள்: "தெக்கு வரிசைக்காரா வாசல்ல அடுத்தாத்துக் கார் நின்னா கோலம் எங்கே போடறது? உன்கிட்ட சொல்லச் சங்கடம் அல்லோ."

ஒரு காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நான் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. எதிர்வீட்டு மாமாவும் இன்னும் மூன்று பேரும் அப்பாவைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். கார்களுக்கு நடுவே நாற்காலி சிக்கியது. தோளுக்கு மேலே உயர்த்திக் கொண்டுபோனார்கள். கார் சாவியை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா பிழைத்துவிட்டார். அவரை வீட்டுக்கு அழைத்துவந்ததும் எதிர்வீட்டு மாமாவிடம் மறுபடி கார் பேச்சை எடுத்தேன்.

"நாங்க இல்லையா பின்னே? பூப்போலத் தூக்கிண்டு போனோமே. இந்த ஒத்துமை வேற எந்தத் தெருவில உண்டு, சொல்லு" என்றார் மாமா. நாற்காலிக் கால் அழுத்திய காயம் அவர் தோளில் இன்னும் ஆறவில்லை. உயிரைக் காப்பாற்றியவரிடம் என்ன சண்டை போடுவது? "சரி மாமா" என்று வந்துவிட்டேன்.

பிரம்பு நாற்காலி இப்போது வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அப்பா அதில் உட்காருவதில்லை.

"அதை உள்ளே எடுத்துப் போடேன். பார்க்கவே பயமா இருக்கு" என்கிறார்.

"ஆகட்டும்பா" என்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.