துப்பாக்கி மெஷினுக்கு எல்சிடி போட்ட கதை

கொடியேற்றத்துக்கு ஏழு மணி நேரம் இருக்கும்போது பிலோமினா போன் செய்தார்.

"அண்ணே, சுட்டா ஒருத்தனும் சாவ மாட்டேன்றான்."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் யார்மேலாவது பழி போடலாம் என்று பார்த்தால், தப்பு முழுக்க என்னுடையது.

பிலோமினா ராயபுரத்தில் வீடியோ கேம் கடை வைத்திருப்பவர். அங்கே கூட்டம் சேர்ப்பது, திரையில் வரும் ஆட்களைத் துப்பாக்கியால் சுடுகிற பழைய மெஷின்தான். ஒவ்வொரு வருஷமும் மாதா கோயில் திருவிழாவில் அதை வாசலுக்கு நேர் எதிரே போடுவார். ஆனால் கொடி ஏறும்போது ஸ்டால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கமிட்டியின் சட்டம். ஓடவில்லையென்றால் அந்த இடம் பலூன் சுடும் ஸ்டாலுக்குப் போய்விடும். ஒருமுறை போனால் திரும்ப வராது.

அந்த மானிட்டரை எத்தனை தடவை அவிழ்த்திருப்பேனோ! கடல் காற்றில் ஒரு மாதம் தாங்காது. இ.எச்.டி. என்கிற ஹை வோல்டேஜ் வயர் பிக்சர் டியூப்பில் மாட்டுகிற இடத்தில் உப்பு ஏறிப் பொரியும். சால்டர் விட்டுப்போய்ப் படம் சுருங்கும். பிலோமினாவுக்கும் அலுத்துவிட்டது.

"மாசா மாசம் இதே பேஜாரா கீது. அல்லார் வூட்லயும் தகடு மாரி டிவி மாட்டிகினு கீறாங்கோ. எனுக்கும் அத்தயே போட்டுடேன்."

எனக்கும் விட்டது தொல்லை என்றிருந்தது. எல்சிடி பேனலும் கன்வெர்ட்டர் போர்டும் போட்டேன். டெஸ்ட்டுக்குக் கலர் பார் படம் வைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று நின்றது. நான் டிவி மெக்கானிக்காக வளர்ந்தவன். படம் வந்தால் எங்களுக்கு வேலை முடிந்தது. துப்பாக்கியைக் கையில் எடுக்கவே இல்லை. டியூப்பை ஓட்டுகிற சேசிஸ் போர்டை மட்டும் பரணில் போட்டுவிட்டு, டியூப்பைத் திருவொற்றியூர் காயலாங்கடைக்கு அனுப்பிவிட்டேன்.

டியூப்பில் படம் ஒரே அடியாக வருவதில்லை. ஒரு கதிர் வரி வரியாக ஓடி வரைகிறது. துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார், அந்த வெளிச்சம் தன் எதிரே எப்போது வந்தது என்று பார்த்துத்தான் குறியைக் கண்டுபிடிக்கும். எல்சிடியில் அந்தக் கதிரே கிடையாது. இது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

டியூப்பைத் திரும்ப வாங்க ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூருக்கு ஓடினேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி வரிசை. ஒன்றுகூட நகரவில்லை. பாதி தூரம் நடந்தே போனேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கழுத்த ஒடச்சி செம்பு எடுத்தாச்சே, நைனா. டியூப்பு வந்தா அதான மொத வேல."

அந்த அளவில் நல்ல டியூப் எனக்குத் தெரிந்து இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது என் வீட்டு ஹாலில், என் மனைவி மல்லிகா சீரியல் பார்க்கும் டிவிக்குள் இருந்தது. நல்லவேளையாக டியூப் கழுத்தில் இருக்கும் பின்களும் இரண்டுக்கும் ஒன்றேதான். பின்மூடியை நான் கழற்றும்போது அவள் திட்டியதை எழுதினால் இதை யாரும் அச்சில் போட மாட்டார்கள். கழுத்தைச் சுற்றிய செம்புக் காயிலான யோக்கோடு டியூப்பைத் தூக்கிப்போய், பரணில் கிடந்த சேசிஸ் போர்டையும் சேர்த்து மெஷினில் மாட்டி, படத்தின் அகலத்தைச் சரிசெய்து நிமிர்ந்தபோது பேண்டு வாத்தியம் கேட்டது. பலூன்காரர் பலகையோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். பிலோமினா துப்பாக்கியை எடுத்து, குறிகூடப் பார்க்காமல் சுட்டார்.

"செத்துட்டாண்ணே," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கொடி ஏறியது. பலூன்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று நாள் மல்லிகா என்னோடு பேசவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: படம் வந்துவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள். பழையது செய்த வேலையையெல்லாம் புதியது செய்கிறதா என்று பார்க்கும்வரை பழையதைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். பிலோமினா வேண்டாம் என்ற எல்சிடி இப்போது எங்கள் ஹாலில்தான் ஓடுகிறது. நான் எந்த வேலையை முடித்துவிட்டு வந்தாலும், அது வெறும் மிக்சியாக இருந்தாலும், மல்லிகா கேட்பது ஒரே கேள்விதான்.

"சுட்டுப் பாத்தியா?"